கழுவாத டேங்க்

நாலைந்து வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் நடந்தது இது. கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பள்ளி நேரம் போக, எங்களுக்கு இருக்கும் அரை ஏக்கரில் சம்பா நெல் போட்டிருந்தேன்.

அதற்கு முந்தைய குறுவையில், பூச்சிமருந்து அடித்த அன்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டவர், பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிற ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு வருடமாகவே அவர் கடையில் மருந்து வாங்குவதில்லை. நொச்சி, எருக்கு, வேப்பிலை என்று ஆடு மாடு வாய் வைக்காத ஐந்து வகை இலைகளை இடித்து, கோமியத்தில் ஊறவைத்து, அந்தக் கரைசலைத்தான் தெளிப்பார்.

"அடுத்த தடவை இதை அடிச்சுப் பாருங்க சார்" என்றார். சரி என்றேன். அந்தச் சம்பாவுக்கு என்னைப் போல இன்னும் நாலு பேர் சம்மதித்திருந்தார்கள். அவர்களைச் சம்மதிக்க வைக்க அவர் எத்தனை முறை வீடு வீடாக நடந்தார் என்பது எனக்குத் தெரியும்.

இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டியதும் ஒரு குடம் கரைசல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர் கலந்து, மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தேன். நாற்றம் குடலைப் புரட்டியது. ஆனால் தலை சுற்றவில்லை. ஏதோ சாதித்துவிட்டவன் போல வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தேன்.

புதன்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், மோட்டார் கொட்டகைப் பக்கத்துப் பயிர் நெருப்புப் பட்டதுபோல் கருகிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் நேராக டீக்கடைக்குப் போனேன்.

"இலைச்சாறாம், கோமியமாம்! எம் பயிரையே பொசுக்கிடுச்சு. யாரும் நம்பாதீங்க!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அறிவியல் வாத்தியார் சொன்னால் ஊரில் எடுபடாதா? மத்தியானத்துக்குள் அந்த நாலு பேரில் மூன்று பேர் கரைசலைக் கீழே கொட்டிவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் என் வயலுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நானும் தயாராக நின்றேன். அவர் பயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கேருந்து சார் அடிக்க ஆரம்பிச்சீங்க?"

"கொட்டகைகிட்டேருந்துதான்."

வரப்பிலேயே நடந்தார். நானும் பின்னால் போனேன். முதல் டேங்க் அடித்த இடம் முழுக்கக் கருகல். இரண்டாவது டேங்க் அடித்த இடத்தில் இலை நுனி மட்டும் பழுப்பு. மூன்றாவதிலிருந்து கடைசி வரை பயிர் பச்சைப் பசேலென்று நின்றது.

"எல்லாம் ஒரே குடத்துக் கரைசல்தானே சார்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இந்த டேங்க்ல இதுக்கு முன்னாடி என்ன அடிச்சீங்க?"

பத்து நாளைக்கு முன், வரப்புப் புல்லை அறுக்கச் சோம்பல்பட்டு, களைக்கொல்லி அடித்திருந்தேன். பயிருக்குத்தானே கடை மருந்து வேண்டாம் என்றார், வரப்புக்கு என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவர் வயலுக்கு வருவதற்கு முன் விடிகாலையில் அவசர அவசரமாக அடித்து முடித்தேன். மிச்சத்தைக்கூடக் கொட்டாமல் டேங்கைத் தூக்கிக் கொட்டகையில் வைத்திருந்தேன். வருடா வருடம் ஒன்பதாம் வகுப்பில், சோதனைக் குழாயைக் கழுவாமல் தொடாதே என்று பிள்ளைகளைத் திட்டுகிறவன் நான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கூனிக் குறுகிப் போனேன்.

"பயிர் கொஞ்சந்தான் சார் போயிருக்கு. ஆனா எம் பேச்சை இனிமே யாரு சார் கேப்பா?" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். அந்த மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். "கடைல கத்துனதைக் கடைலதாங்க போய்ச் சொல்லணும்" என்றாள் என் மனைவி.

மறுநாள் காலை அதே டீக்கடையில், அதே நேரத்தில் எழுந்து நின்றேன். "கரைசல் மேல குத்தம் இல்ல. களைக்கொல்லி அடிச்ச டேங்கை நான்தான் கழுவாம விட்டுட்டேன்" என்றேன். "அப்ப சாருக்கு முட்டை மார்க்கா?" என்று யாரோ கேட்க, கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கொட்டியவர்கள் மூவரையும் கையோடு வயலுக்கு அழைத்துப் போய், முதல் டேங்க் இடத்திலிருந்து மூன்றாவது வரை நடக்க வைத்தேன்.

இரண்டு பேர் அந்த வாரமே மறுபடியும் அவரிடம் போய்க் கரைசல் கேட்டார்கள். மூன்றாவது ஆள் இன்றுவரை போகவில்லை. இப்போதும் மருந்து அடித்துவிட்டு இருமிக்கொண்டே வருவார். நான் ஏதாவது சொன்னால், "அன்னிக்கு நீங்கதானே சார் நம்பாதீங்கன்னு சொன்னீங்க" என்பார்.

டேங்கை மூன்று முறை அலசினால் சுத்தமாகிவிடுகிறது. அன்று டீக்கடையில் நான் விட்ட அந்த வார்த்தையை மட்டும் இத்தனை வருடமாகியும் அந்த மூன்றாவது ஆளின் மனதிலிருந்து என்னால் கழுவ முடியவில்லை.