லேப் அக்கா ஏன் நடக்கிறாள்?

பெருநகரத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் இடிபட்டுத்தான் அவள் போய் வந்தாள். ஏன் வண்டி வாங்கவில்லை என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கேட்க யாருக்கு நேரம்? கணவருக்கு மாற்றலாகி இந்தச் சின்ன ஊருக்கு வந்ததும் துள்ளிக் குதித்தாள். அவள் ரத்தம் எடுக்கும் பரிசோதனை நிலையம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இனி பஸ்கூட வேண்டாம், நடராஜா சர்வீஸ்தான்.

ஆனால் இந்த ஊரிலோ முக்குக் கடைக்குக்கூட வண்டியில்தான் போகிறார்கள். நடக்கிறவளைக் கண்டால் வண்டி நிற்கும். "ஏறுங்க லேப் அக்கா!" மறுத்தால் முகம் தொங்கிவிடும். ஏறினாலோ, அவளை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பிப் போவார்கள். தான் ஒருத்தி நடப்பதால் ஊரில் கூடுதல் பெட்ரோல் எரிகிறதா? அவளுக்குத் தலை சுற்றியது.

"பொண்டாட்டிய நடக்க விடுற கஞ்சன்னு ஆஃபீஸ்ல பேசிக்கிறாங்க. நாளைக்கு கார் புக் பண்றோம்" என்று கணவர் ஒற்றைக்காலில் நின்றார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊசியும் குழாயுமாய்க் கழியும் நாளில் அந்த நடை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

மறுநாள் வழியில் இரும்புக்கடை முதலாளி காரை நிறுத்தினார். அவருக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறியிருப்பது அவளுக்குத் தெரியும்.

"டாக்டர் உங்கள நடக்கச் சொன்னாரே, சார்?"

"எப்படிம்மா நடக்க? இந்த ஊர்ல நடந்தா ஒண்ணு வண்டியில்லம்பாங்க, இல்ல சுகரும்பாங்க. மானம் போயிடும்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. "இறங்குங்க, நானும் கூட வர்றேன்" என்றாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இறங்கினார்.

நாலடி வைப்பதற்குள் பால்காரரின் வேன் வந்து நின்றது.

"என்ன முதலாளி, நடந்து?"

"வண்டி ரிப்பேர்ப்பா."

"அக்கா, நீங்களாவது ஏறுங்க. உங்க வீட்ல இன்னும் வண்டி வாங்கலியா?"

பரிசோதனை முடிவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றியறியாதவள் அவள்.

"எனக்கு சுகர்ப்பா" என்றாள்.

முதலாளி வாயைப் பிளந்தார்.

"அடப்பாவமே! அப்ப நீங்க வண்டியிலயே ஏறக்கூடாது. நடங்க, நடங்க" என்றார் பால்காரர்.

ஊருக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு வண்டி அவளை விட்டுவிட்டுப் போனது. அதற்குச் சந்தோஷப்படுவதா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.