என் சிவப்பு லேசர்

உத்திரமேரூரில் எங்கள் பக்கம் டார்ச் லைட் வாங்கினால், ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரைப் பனைமரத்தில் அடித்துப் பார்த்துத்தான் நல்லதா சொத்தையா என்பார்கள். லேசரையும் அப்படியே அளந்தார்கள்.

என் கணவரின் அண்ணன் பட்டணத்திலிருந்து பச்சை லேசர் ஒன்று வாங்கி வந்திருந்தார். என்னுடையது சிவப்பு. ரிப்பேரான டிவிடி ரைட்டரைப் பிரித்து, அதிலிருந்த லேசர் டையோடை எடுத்து நானே செய்தது. பொழுது சாய்ந்ததும் இரண்டையும் அடித்தோம். அவருடைய பச்சை ஒளி மரத்தில் பளிச்சென்று விழுந்தது. என் சிவப்பைத் தேட வேண்டியிருந்தது.

"இன்னாம்மா, செத்துப்போச்சா?" என்று சிரித்தார். "கண்ணாடி லென்ஸ் போடாம, பிளாஸ்டிக்க போட்டுக்கினு..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பவர் ஒன்றாகவே இருந்தாலும் பச்சை அலைநீளம்தான் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும். மூன்றடுக்குக் கண்ணாடி லென்ஸ் தூரத்துக்கு நல்லது, ஆனால் வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எனக்கு வேண்டியது தூரம் இல்லை, சூடு. அதனால்தான் ஒற்றை பிளாஸ்டிக் லென்ஸ்.

தீக்குச்சி மருந்தில் கறுப்பு மை தடவிக் கரை மண்ணில் நட்டேன். எல்லாரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன். அவர் பச்சையை அடித்தார். குச்சி அப்படியே நின்றது. நான் லென்ஸைத் திருகி, புள்ளியைச் சுருக்கி அடித்தேன். குச்சி குப்பென்று பற்றியது.

"இன்னா இருந்தாலும் கண்ணுக்கே தெரியலியேம்மா" என்றார், அப்போதும் விடாமல்.

"இத்தினி வருசமா நம்ம வூட்ல நான் செய்ற வேலையுந்தான் உங்க கண்ணுக்குத் தெரியல, மாமா" என்றேன்.