பதினாறாம் இடத்து டிரைவர்

என் தம்பி பஸ் டிரைவர். டெப்போவில் எல்லாருக்கும் அவன் "ஜெர்மன்காரர்". அந்தத் தேசத்தை அவன் டிவியில் பார்த்ததோடு சரி. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டியூட்டி முடிந்து ஓய்வறையில் காலை நீட்டி உட்கார்ந்தபோது டிவியில் பண்டஸ்லிகா, அதாவது ஜெர்மன் கால்பந்து லீக், ஓடிக்கொண்டிருந்தது. ஒரு அணி நாலு கோல் வாங்கியிருந்தது. கொட்டும் மழை. ஆனாலும் அந்த அணியின் ரசிக ஜனங்கள் நின்று பாடிக்கொண்டிருந்தார்களாம்.

"தோக்கிறவனுக்குப் பாடுறாங்கக்கா. இனி அதுதான் நம்ம டீம்" என்றான்.

"ஜெயிக்கிற டீம் எத்தனையோ இருக்கு அண்ணி. இவருக்கு வாய்ச்சது அது, எனக்கு வாய்ச்சது இவர்" என்பாள் அவன் மனைவி.

இந்த வருஷம் மாடிப்படியில் வழுக்கி இடது முழங்காலை உடைத்துக்கொண்டான். கிளட்ச் மிதிக்கும் கால். மூன்று மாதம் கழித்து டெப்போவில் சோதனை வைத்தார்கள். மேட்டில் நிறுத்திய பஸ்ஸைப் பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். இரண்டு அடி உருண்டுவிட்டது. பதினைந்து நாளில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் கடைசிவரை டிக்கெட் கவுன்ட்டர்தான். வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அதே வாரம் லீக் முடிந்தது. பதினெட்டு அணிகளில் அவன் அணி பதினாறாவது.

"அப்போ போச்சாடா?" என்றேன்.

எழுந்து உட்கார்ந்தான். "இல்லக்கா. கடைசி ரெண்டு டீம்தான் நேரா கீழ் லீகுக்குப் போகும். பதினாறாவதுக்கு இன்னும் ரெண்டு ஆட்டம் உண்டு. கீழ் லீகுல மூணாவதா வந்தவனை ஜெயிச்சா மேலேயே இருக்கலாம்." சற்று நேரம் முழங்காலைத் தடவினான். "நானும் இப்போ பதினாறுதான்."

அன்றே பழைய தலையணை உறையில் மணல் நிரப்பித் தைத்துக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அதை இடது காலால் தள்ளுவான். வலியில் பல்லைக் கடிப்பான். நான் பக்கத்தில் இருந்து கடவுள் பெயரைச் சொல்லுவேன். ஒரு தள்ளலுக்கு ஒரு பெயர்; நான் நூறு சொல்லி முடித்தால் அவனுக்கும் நூறு முடிந்திருக்கும்.

முதல் ஆட்டம் சமன். இரண்டாவது, சோதனைக்கு முந்தைய நாள் இரவு.

"தோத்துட்டா நாளைக்கு வண்டியைத் தொடவே மாட்டார் அண்ணி. டிவி வயரை ஒளிச்சிடலாமா?" என்றாள் அவன் மனைவி. பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வயரைத் துணிப் பெட்டியில் ஒளித்தது நான். டிவி ரிப்பேர் என்று சொன்னது அவள். அவன் "சரி" என்று தன் அறைக்குப் போய்விட்டான்.

காலையில் அவனைக் கூட்டிப்போக வந்த கண்டக்டர் வாசலிலேயே கத்தினார். "என்ன ஜெர்மன்காரரே, உங்க ஆளுங்க கவுத்துட்டாங்களே!"

அவன் மனைவி தலையில் கைவைத்தாள். தம்பி சிரித்தான். "தெரியுமே. வயரை ஒளிச்சீங்க, போனை என் கையிலயே விட்டுட்டீங்க."

"தெரிஞ்சுமா தூங்கினே?"

"ஆட்டம் முடிஞ்சும் ஜனங்க போகலக்கா. நின்னு பாடினாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் தூங்கினேன்."

டெப்போ வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேட்டில் பஸ் நின்றது. இன்ஸ்பெக்டர் பின்சக்கரத்தை ஒட்டித் தரையில் சாக்பீஸ் கோடு போட்டார். கடவுள் பெயரை உதட்டுக்குள்ளேயே எண்ணத் தொடங்கினேன். பஸ் ஒருமுறை குலுங்கியது. பிறகு மெதுவாக முன்னால் ஏறியது. கோடு அழியாமல் கிடந்தது.

"டீம் கீழே, டிரைவர் மேலே!" என்று கண்டக்டர் கைதட்டினார்.

"அவங்களும் வருவாங்கய்யா. அடுத்த சீசன்ல முப்பத்துநாலு ஆட்டம் இருக்கே" என்று இறங்கினான், இடது காலை முதலில் ஊன்றி.

வீட்டுக்கு வந்ததும் வயரை எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, கீழ் லீக் ஆட்டமெல்லாம் எந்தச் சேனல்ல வரும்?" என்றான்.