சிமிட்டலுக்கு முன்னால் வெட்டு

“இந்தப் படத்துல நான் பேசறேன்,” என்றார் சித்தப்பா, தட்டிலிருந்து தலை தூக்காமல்.

“யாருகிட்ட?” என்றாள் சித்தி.

“கதாநாயகிகிட்ட. மூணு பக்க வசனம்.”

“உங்களுக்கா? இருபத்திரண்டு வருஷமா சினிமாவுல தலையாட்டறதத் தவிர வேற என்ன பண்ணீங்க? வீட்லயும் அதேதான்.”

“பேசறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான். கேக்கறதுக்கு ஆள் வேணும்ல?”

“சரி சரி, படம் வரட்டும். தெருவையே கூட்டிட்டு வர்றேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த, சித்தப்பாவின் அண்ணன் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதே ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையில் ஃபிலிம் ஒட்டுகிற வேலை அவளுக்கு.

சித்தப்பா அங்கே தையல்காரராகத்தான் சேர்ந்தார். ஒருநாள் நீதிபதி வேஷக்காரர் வரவில்லை. அங்கியைத் தைத்தவரையே அங்கிக்குள் நுழைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நீதிபதி, டாக்டர், தலைமையாசிரியர், பெண்ணைப் பெற்றவர் என்று எதுவானாலும் அவர்தான். கதாநாயகன் மூச்சுவிடாமல் பேச, இவர் கேட்பார். ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே ‘காது’.

எதிராளி பேசி முடிக்கும்வரை அவர் கண் இமைக்காது. முடிந்ததும் ஒரே ஒரு சிமிட்டல், மெதுவாக. ‘காது சிமிட்டறதுக்கு முன்னாடி வெட்டு’ என்பது எடிட்டிங் அறையின் எழுதாத சட்டம். சிமிட்டல் இருக்கிற துண்டு மேஜையடிக் கூடைக்குப் போய்விடும்.

புதுப்படம் கால் மணி நேரம் நீண்டுவிட்டது. வெட்டச் சொல்லி டைரக்டர் சிவப்புப் பென்சிலால் சுழித்த இடம் சித்தப்பாவின் வசனம்.

“உங்க சித்தப்பாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடும்மா,” என்று எடிட்டர் நழுவிக்கொண்டார்.

இரண்டு நாளும் சாப்பாட்டு மேஜையில் ரசத்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்துவிட்டாள். சித்தியோ அதற்குள் எதிர்வீடு, பக்கத்து வீடு, பால்காரர்வரை சொல்லி முடித்திருந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பாவே எடிட்டிங் அறைக்குள் வந்து நின்றார். மேக்கப் அறையில் சுவருக்கும் வாய் உண்டு.

“போட்டுக் காட்டு.”

வீட்டைவிட்டுப் போகும் மகளிடம் தகப்பன் பேசுகிற காட்சி. இரண்டு தடவை பார்த்தார்.

“நல்லாத்தான் பேசியிருக்கீங்க சித்தப்பா. நான் வேணா எடிட்டர்கிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?”

“நல்லாத்தான் இருக்கு. அதுதான் கோளாறு. இப்படிப் பேச இந்தக் காம்பவுண்டுக்குள்ளயே பத்துப் பேர் இருக்கான். கொஞ்சம் பின்னால ஓட்டு. ‘நான் போறேம்பா’ன்னு அவ சொல்றா பாரு, அங்க நிறுத்து.”

எடிட்டிங் மெஷினின் சின்னத் திரையில் அவர் முகம் நின்றது. இமைக்காத கண்.

“இதுக்கு இன்னொருத்தனக் கூட்டிட்டு வா, பாப்போம்.”

அவளால் முடியாது. யாராலும் முடியாது என்பது அந்த அறைக்கே தெரியும்.

“சித்தி தெருவையே கூட்டிட்டு வருவாங்களே?”

“வரட்டும். வந்து பாக்கட்டும். உங்க சித்தியச் சமாளிக்கறது என் பாடு. வசனத்த நீயே எடுத்துடு, வேற யார் கையும் படவேண்டாம்.”

கதவுவரை போனவர் திரும்பினார். குனிந்து கூடைக்குள் சுருண்டு கிடந்த துண்டுகளைப் பார்த்தார்.

“எடிட்டர்கிட்ட கேக்கறதா இருந்தா இதக் கேளு. இருபத்திரண்டு வருஷமா என் சிமிட்டல் பூராவையும் இதுக்குள்ளதான் போட்டிருக்கீங்க. இந்த ஒரு தடவை, நான் சிமிட்டி முடிச்சப்புறம் வெட்டு, என்ன?”