எங்கள் லயத்துக்கும் ஒரு அறிவிப்பு

இப்போது பஞ்சாயத்து அறிவிப்பெல்லாம் போனில் வந்துவிடுகிறது. நாளைக்குக் கரண்டு இருக்காது, நாய்க்கு ஊசி போடும் வண்டி வருகிறது, கிராமசபைக்கு எல்லாரும் வந்துவிடுங்கள் என்று வார்டு மெம்பர் குரூப்பில் போட்டுவிடுகிறார். அடுப்படியில் நின்றபடியே பார்த்துக்கொள்கிறோம். நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில் இதையெல்லாம் ஜீப்பில் மைக் கட்டித்தான் சொல்லிக்கொண்டு போவார்கள். கேரளத்தில் பீர்மேட்டுப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அதைத் தமிழில் சொன்ன குரல் என் அப்பாவுடையது.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவரும் அவர்தான். பஞ்சாயத்துக் காரியம் எல்லாம் மலையாளத்தில் நடக்கும். எங்கள் லயத்துப் பெரியவர்களுக்கு அது பாதி புரியும், பாதி புரியாது. கோயிலில் அப்பா வாசிக்கிறதைக் கேட்ட மெம்பர், நம் ஆட்களுக்கு இவரே சொல்லட்டும் என்று பிடித்துப் போட்டுவிட்டார். அப்பா வேதம் வாசிக்கிற அதே ராகத்தில்தான் எல்லா அறிவிப்பையும் சொல்வார். போலியோ சொட்டுமருந்து என்று அவர் தொடங்கினால் கிழவிகள் தலையில் முக்காடு போட்டுக்கொள்கிறார்கள் என்று அம்மா கேலி செய்வாள்.

லயத்துக்கு மேலே, தேயிலைக் காடு முடிகிற மேட்டில் எங்கள் கல்லறைத் தோட்டம் இருந்தது. எனக்கு மூத்தவன் அங்கேதான் இருக்கிறான். நான் பிறப்பதற்கு முன்பே, பேச்சு வரத் தொடங்கிய வயதில், வயிற்றுப்போக்கில் போனவன். சின்னப் பிள்ளையைத் தனியாக விட எங்கள் ஆட்களுக்கு மனது வராது. தாய்க்கென்று பக்கத்தில் ஒரு ஆள் அளவு இடம் விட்டுவைப்பார்கள். அப்பாவும் அப்படி விட்டு, சுற்றிக் கல் பதித்திருந்தார். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு அம்மா அந்த இடத்தில்தான் உட்காருவாள். நான் அவள் மடியில் உட்கார்ந்து சுண்டல் தின்பேன். உட்காருவதற்காகவே விட்ட இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அண்ணனைக் கொண்டுபோனது மழைக்காலத்து ஊற்றுத் தண்ணீர் என்று அம்மாவுக்கு எண்ணம். அதனால் ஒரு கிராமசபையில் அவள் எழுந்து நின்று, "ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டேன். இன்னொண்ணு வச்சிருக்கேன். குடிக்கிற தண்ணிய மட்டும் நல்லதாக் குடுங்க சார்" என்று தமிழிலேயே சொன்னாளாம். மெம்பர் அதை மலையாளத்தில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பிரசிடன்ட் கையைக் காட்டி, புரிந்துவிட்டது என்றாராம். அந்த ஒரு பேச்சால் அம்மா லயத்தில் பெரிய ஆளாகிவிட்டாள். குழாய் வந்தால் முதல் குடம் உனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

தண்ணீர்த் தொட்டி வரத்தான் செய்தது. ஊற்றுக்குப் பக்கத்தில், கல்லறை மேட்டுக்கு நேர் கீழே கட்டினார்கள். கட்டி முடிகிற நேரத்தில் சுகாதாரத்துறை ஆள் வந்து பார்த்துவிட்டு, மேலே பிணம் புதைத்துக்கொண்டிருந்தால் இந்தத் தண்ணீரைக் குடிக்கத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். தண்ணீர் கேட்ட அன்று எங்களில் யாரும் தலையைத் தூக்கி அந்த மேட்டைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம்தான் அம்மா படுத்தது. வயிற்றில் கட்டி, இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். என்னிடம் மட்டும் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தார்கள்.

பஞ்சாயத்துக் கமிட்டி கூடி, வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து கல்லறைத் தோட்டத்தை மூடுவதென்று முடிவெடுத்தது. அறிவிப்பைச் சொல்லக் கூப்பிட மெம்பர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "இத மட்டும் வேற யாரையாவது வச்சுச் சொல்லுங்க மெம்பரே" என்றார். மெம்பரும் சரி என்று எழுந்துவிட்டார். உள்ளே படுத்திருந்த அம்மாதான் விடவில்லை.

"வேற யாரு சொன்னாலும் நம்ம ஆளுக சண்டைக்கு நிப்பாங்க. இவங்க சொன்னாத்தான் கேப்பாங்க. இவங்களே வருவாங்க, நீங்க போங்க சார்."

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. நானும் ஜீப்பில் வருவேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினேன். அப்பா வேண்டாம் என்றார். டிரைவர் மலையாளி, நல்ல மனுஷர். "மோளே, கேறிக்கோ" என்று பின்கதவைத் திறந்துவிட்டார். எனக்கு ராணி மாதிரி இருந்தது. மேலே இரண்டு குழாய் மைக், உள்ளே நான்.

"அன்பான லயத்து மக்களே! குடிதண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், வருகிற மாதம் முதல் தேதியிலிருந்து யாரையும் அடக்கம் செய்யக்கூடாது என்று பஞ்சாயத்து முடிவு செய்திருக்கிறது. இனி டவுனில் இருக்கும் பொதுக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நம் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்காக எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும்."

அப்பா சொல்லச் சொல்ல நானும் வாயசைத்துக்கொண்டே போனேன். இரண்டாவது லயம் முடிவதற்குள் எனக்கு மனப்பாடம். வழியில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், "செத்த பிறகும் பஸ் ஏறணுமாக்கும்" என்றார். யாரும் சண்டைக்கு வரவில்லை. அம்மா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கடைசியாக எங்கள் லயம். என் சேக்காளிகள் எல்லாம் வாசலில் நின்றார்கள். நான் தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டத் தயாரானேன். அப்பா பட்டென்று மைக்கை அணைத்துவிட்டு, "நிறுத்த வேண்டாம், அப்படியே போங்க" என்று டிரைவரிடம் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வீட்டு மாமா எதையும் கேலியாகத்தான் பேசுவார். "என்ன மச்சான், ஊரெல்லாம் முழங்கிட்டு நம்ம லயத்துக்கு வந்ததும் பேட்டரி செத்துப்போச்சா? இல்ல, நாமெல்லாம் சாகாவரம் வாங்கிட்டோமா?" என்று சத்தமாகக் கேட்டார்.

சிரித்தவர்கள் அப்படியே அடங்கிப்போனார்கள். எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றாள். அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டாள். டிரைவர் ஜீப்பை நிறுத்தினார்.

"ஏங்க, நம்ம லயம் வேற பஞ்சாயத்தா?"

"நீ உள்ள போ. பனி விழுது."

"பனி என்ன செய்யப்போவுது இனி எனக்கு? மத்த லயத்துல எல்லாம் சொன்னீங்கல்ல, இங்கயும் சொல்லுங்க."

"எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

"எனக்குக் கேக்கல" என்றாள் அம்மா. "தண்ணி கேட்டது நானு. எங்கிட்டச் சொல்லாமப் போனா எப்படி?"

 அப்பா மைக்கைப் போட்டு, அம்மாவுக்கு நேரே உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து சொன்னார். ஒரு சொல்லையும் விடவில்லை. டவுன் என்று வந்த இடத்தில் மட்டும் ஒரு முறை நிறுத்திச் சொன்னார். அம்மா கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜீப்பில் வந்த பொறாமையில்தான் இப்படி முகத்தைத் திருப்புகிறார்கள் என்று நினைத்து இன்னும் வேகமாக ஆட்டினேன். கேலி பேசிய மாமா கட்டியிருந்த தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டு அத்தை ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து அழுதாள்.

"அழாத மதினி. நாளைக்கு உம்பேரப்புள்ள குடிக்கப்போற தண்ணி" என்று அம்மா அவளைத் தேற்றினாள். அவளே தேற்ற வேண்டியிருந்தது.

அந்த முதல் தேதி வந்தது, போனது. அம்மா இருந்தாள். எனக்குச் சடை பின்னிவிட்டாள். குழாயில் வந்த முதல் குடத்தை லயத்துக்காரர்கள் சொன்னபடியே எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். வீடுகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டத் தொடங்கிய நாட்களில், ஒரு விடியற்காலை, கர்த்தர் அவளை எடுத்துக்கொண்டார். மெம்பர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மேட்டிலேயே வைத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்பா, "எல்லாருக்கும் நாந்தான மெம்பரே சொன்னேன்" என்றார். வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில் அம்மாவை டவுனுக்குக் கொண்டுபோனோம். இன்றைக்கும் கல்லறைத் திருநாளன்று நான் முதலில் மேட்டுக்கு ஏறி அண்ணனுக்கு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, பஸ் பிடித்து அம்மாவிடம் போகிறேன். உயிர்த்தெழுகிற நாளில் ஆண்டவர் இரண்டு பேரையும் சேர்த்துவைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது மனது கனத்துப்போகும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஜெபம் முடியாமல் சோறு கிடையாது. ஒருவர் ஜெபிப்பார், முடிந்ததும் அப்பா ஆமென் சொல்வார், பிறகுதான் தட்டு எடுப்போம். அன்றைக்கு அடுத்த வீட்டு அத்தை கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பு வாசனையில் எனக்கு முழங்காலில் நிற்க முடியவில்லை. தானே ஜெபிப்பதாகச் சொல்லி அம்மா படுக்கையிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். தொட்டியை ஆசீர்வதிக்கச் சொன்னாள். பிரசிடன்டுக்கும் மெம்பருக்கும் நல்ல சுகத்தைக் கேட்டாள். அப்பாவுக்காக, எனக்காகக் கேட்டாள். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆண்டவரே, உமக்குச் சித்தமிருந்தா, அந்த முதல் தேதிக்கு முன்னாலயே என் காரியத்த முடிச்சுத் தாரும்" என்றாள்.

அப்பா ஆமென் சொல்லவில்லை. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் சொல்லாவிட்டால் ஜெபம் மேலே போகாது என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் காரியம் என்றால் அந்த வயிற்றுவலிதான். அது முதல் தேதிக்குள் தீர்ந்துவிட்டால் எவ்வளவு நல்லது! அப்பா ஏன் இப்படிச் சும்மா இருக்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. கையை இறுகக் கூப்பிக்கொண்டு, அப்பாவுக்கும் சேர்த்து, முழு மனதோடு, சத்தமாக "ஆமென்" என்றேன்.