புள்ளி வைக்காத லென்ஸ்

காலையில் மலைமேல் இருக்கும் தொலைநோக்கி நிலையத்திலிருந்து மெயில். நட்சத்திர ஒளி காற்றில் எவ்வளவு கலங்குகிறது என்று அளக்க நான் வடிவமைத்த லென்ஸ் தகட்டைக் கேமராவில் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார்கள். கழற்றினால் உடையும். இருப்பது அது ஒன்றுதான்.

நகம் அளவு கண்ணாடியில் ஆயிரம் குட்டி லென்ஸ்கள். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்தப் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று என் வரைபடத்தில் நான் குறிக்கவில்லை.

படித்தேன். அழுகைகூட வரவில்லை. அம்மாவின் மூக்குக்கண்ணாடியை வாங்க நெல்லித்தோப்புக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அக்கா லென்ஸில் மையால் ஒரு புள்ளி வைத்து ஃப்ரேமில் மாட்டினார்.

"எதுக்குக்கா புள்ளி?"

"மாத்தி மாட்டிடக் கூடாதுல்ல. நீங்க என்னா வேல பாக்கறீங்க?"

"லென்ஸ் டிசைன்தான்க்கா. டெலஸ்கோப்புக்கு."

"அப்ப நீங்களும் புள்ளி வெப்பீங்க."

தலையாட்டினேன். அவர் புள்ளியைத் துணியால் துடைத்துவிட்டுக் கண்ணாடியை நீட்டினார்.

அந்த வரைபடத்தை மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை. 'புள்ளி வைக்க மறந்துட்டேன்' என்பதை இங்கிலீஷில் கௌரவமாக எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.