சட்டசபைக்கு நான் எழுதிக் கொடுத்த பதில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாமிரபரணிக் கரையில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தேன். திருநெல்வேலி டவுணிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர். ஆற்று மணலை அள்ளாதே, மனிதனை மனிதனாக நடத்து என்று சட்டசபையிலும் சந்தையிலும் ஒரே குரலில் பேசுகிறவர். அலுவலகத்தில் அவருக்கு 'மணல்காரர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தோம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் மதியம் கலெக்டர் ஆபீஸிலிருந்து போன். எம்.எல்.ஏ. சட்டசபையில் கேள்வி கேட்டிருக்கிறார். தலித் மக்கள் குடியிருக்கும் ஆற்றோரக் காலனிக்கென்று போட்ட குழாயில் அந்த மக்களால் தண்ணீர் பிடிக்க முடிகிறதா? சாயங்காலத்துக்குள் பதில் போயாக வேண்டும்.

எனக்குப் பதில் தெரியும். அந்தக் குழாய் காலனியிலேயே இல்லை. தங்கள் தெரு வழியாகப் பைப் போகக் கூடாது என்று மேலத்தெருக்காரர்கள் மறித்ததால், எங்கள் ஆட்கள் அதை மேலத்தெரு முனையிலேயே நட்டுவிட்டு வந்துவிட்டார்கள். காலனிப் பெண்கள் குடத்தோடு போனால் மேலத்தெருக்காரர்கள் விரட்டுவார்கள். காலனிக்காரர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். லாரிகள் மணலை வழித்தெடுத்த பிறகு அதிலும் சேறுதான். இத்தனையையும் பஸ் ஜன்னல் வழியாகத் தினம் பார்த்தவன் நான்.

தயங்கி நின்றேன். மேனேஜர் பதிவேட்டை என் முன்னால் போட்டார்.

"நீரு அங்கன போயிப் பாக்க வேண்டாம்வே. இதுல காலனிக் குழாய்னுதான இருக்கு? அப்படியே எழுதும்."

எழுதினேன். 'காலனி மக்களுக்குத் தங்குதடையின்றிக் குடிநீர் வழங்கப்பட்டு வருகிறது.' அந்தத் 'தங்குதடையின்றி' மேனேஜர் சொன்னதல்ல. வாக்கியம் எடுப்பாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தது.

சட்டசபையில் அமைச்சர் அதை வாசித்ததும் ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். அடுத்த வாரமே எம்.எல்.ஏ. அந்தப் பதிலின் நகலோடு காலனியில் வந்து நின்றார். மேனேஜரையும் என்னையும் வரச் சொல்லியிருந்தார்.

"ஆறு வத்துனா மொதல்ல தொண்ட காயுதது கடைசித் தெருவுக்குத்தான். அத நான் சொன்னா பொய்யாம்" என்றவர், தாளை முன்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வாசிங்க சார்."

என் வரியை என் வாயாலேயே வாசித்தேன். நான் சேர்த்த வார்த்தையை மட்டும் வேகமாக வாசித்துக் கடந்தேன்.

அவள் இடுப்பில் கலங்கல் தண்ணீர்க் குடம் இருந்தது. "இத எழுதுனவரு எங்க தெருவுக்கு ஒரு நாளாவது வந்திருக்காரா சார்?"

நான், "தெரியலம்மா" என்றேன்.

எம்.எல்.ஏ. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பைப் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார். மூன்றாம் நாள் போலீஸ் காவலோடு பள்ளம் தோண்டிப் பைப் போட்டார்கள். ஒரே நாள் வேலை. அதற்குத்தான் அத்தனை வருஷம் அந்தப் பெண்கள் சேற்றை வடிகட்டிக் குடித்திருக்கிறார்கள்.

எங்கள் மேல் நடவடிக்கையா? மண்ணாங்கட்டி. மேனேஜருக்கு மறு வருஷமே பதவி உயர்வு. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தானே எழுதினோம்.

ஒரு தெருவின் தாகத்தையே பொய்யென்று எழுதிவிட ஒரு கிளார்க்கின் பேனா போதும் என்பதை நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது. அதைவிட, கண்ணுக்கு நேரே நின்று கேட்டவளிடம் 'எழுதினது நான்தான்' என்று சொல்லாமல் வந்த என்னை, ஓய்வு பெற்ற பிறகும் என்னால் மன்னிக்க முடியவில்லை.